பாய்லர் ரிப்பேருக்கு வந்தவர்

2022 மார்ச்சில் என் வாடகை வீட்டு பாய்லர் படுத்துவிட்டது. யார்க்‌ஷயரில் மார்ச்சுக்கு வசந்தம் வருவது காலண்டரில் மட்டும்தான். வீட்டுக்காரர் அனுப்பிய பிளம்பர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இடது காது குழிப்பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே நீலம். எங்கேயோ அடிதடி போலிருக்கிறது என்று இரண்டடி தள்ளியே நின்றேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் மட்டும் வர முடியாது என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

விடை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. நான் குடியிருந்த பேட்லி சின்ன ஊர். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்று, ரக்பி லீக் அணி ஒன்று. அணி இருப்பது உச்சப் பிரிவான சூப்பர் லீக்குக்கு ஒரு படி கீழே, சாம்பியன்ஷிப்பில். பக்கத்து வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்து மவுண்ட் பிளசன்ட் மைதானத்துக்கு இழுத்துப் போனார். போனதும் நான் செய்த முதல் காரியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. மைதானம் சாய்ந்து தெரிந்தது. துடைத்த பிறகும் சாய்ந்தே இருந்தது. “சரிவுதான், நூறு வருஷத்துக்கு மேலாகச் சரிவுதான்” என்றார் பெரியவர், சொந்த வயலைக் காட்டுகிற மாதிரி. முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடினால் ஸ்கோரைப் பற்றிக் கவலையே கிடையாதாம்.

பக்கத்துக்கு 13 பேர். ஆறு தடவை மடக்கப்படுவதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்க வேண்டும், வைத்தால் 4 புள்ளி. “லைன்-அவுட் எப்போது வரும்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அது ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி யூனியன் சமாசாரம். சைவ வீட்டுப் பந்தியில் கருவாடு கேட்டவனைப் பார்ப்பது போல நான்கு பேர் திரும்பினார்கள்.

அப்போதுதான் முன்வரிசை ஆள் ஒருவர் மூன்று பேரை இழுத்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்தேன். அதே காது! பெயர் தெரியாது, வாயில் வந்தது “பாய்லர்!” மட்டும்தான். பெரியவருக்கு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து அவரும் “பாய்லர்!”, அவருக்குப் பின்னால் இரண்டு வரிசையும் “பாய்லர்!”.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி. மற்ற நேரம் குழாய் வேலை. அந்த அணியில் இப்படித்தான், ஆளுக்கொரு பிழைப்பு. 1895-இல் ஹடர்ஸ்பீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து தனியே பிரிந்துபோனதே ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருகிறவனுக்குக் கூலி தர வேண்டும் என்ற சண்டையில்தான். பேட்லியும் அதில் ஒன்று. 127 வருஷம் கழித்தும் கூலிக்குப் போய்க்கொண்டேதான் ஆடுகிறார்கள்! 1897-இல் ரக்பி லீக்கின் நாக்-அவுட் கோப்பையான சேலஞ்ச் கோப்பையை, அது தொடங்கிய முதல் முறையே பேட்லி வென்ற கதையைப் பெரியவர், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி வாரம் ஒருமுறை சொல்வார்.

அந்த சீசனில் ஐந்தாவதாக முடித்தார்கள். அடுத்த ஊர் டியூஸ்பரி அதே வருஷம் கீழ் லீக்குக்கு இறங்கியது. எது பெரிய சந்தோஷம் என்று பெரியவரிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சூப்பர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியில், இரண்டாவதாக முடித்திருந்த ஃபெதர்ஸ்டோனை அவர்கள் மைதானத்திலேயே 32–28 என்று சாய்த்தார்கள். எனக்குத் தொண்டை போய்விட்டது. அலுவலகத்தில் சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இறுதிப் போட்டி லீ நகரத்தில். எதிரே இருந்தது சூப்பர் லீக்குக்குத் திரும்பியே தீருவது என்று செலவழித்துக் கட்டிய அணி. 44–12. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அதே லீ அணி மறு வருஷம் சேலஞ்ச் கோப்பையையே தூக்கியது, அதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

அந்த வாரமே ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் நொண்டிக்கொண்டே வந்தார். துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இரண்டு ஆறுதல் வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை கேட்டார். வேலையை முடித்து ஸ்பானரைப் பெட்டியில் போடும்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சீசன் முழுக்க ‘பாய்லர், பாய்லர்’ என்று ஒரு குரல் கேட்டதே. ஆரம்பித்து வைத்தது யார், தெரியுமா?”

நான் பக்கத்து வீட்டைக் கை காட்டினேன்.