ஆய்வகம் இல்லாத ப்ராஜெக்ட்

மருந்தியல் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் எனக்கு வந்தது கட்டுரைகளைப் படித்து எழுதும் ப்ராஜெக்ட். "தப்பிச்சிட்டே, எலியும் இல்லை, பிப்பெட்டும் இல்லை" என்றார்கள் நண்பர்கள்.

'நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் புற்றுநோயைத் தடுக்குமா?' என்ற கேள்வியோடு பேராசிரியரிடம் போனேன். எந்தப் புற்றுநோய், யாருக்கு, எவ்வளவு டோஸ் என்று கேட்டுக் கேட்டே அதை மார்பகப் புற்றுநோய்க்குச் சுருக்கிவிட்டார். மருத்துவக் கட்டுரைகளுக்கான இணையத் தேடுதளமான பப்மெட்டில், அதன் பொருள் வாரியான மெஷ் சொற்களை வைத்துத் தேடினேன். தேடிய வரியையும் தேதியையும் அன்றன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை கழிந்தது என்று காட்டும் பிரிஸ்மா வரைபடம் போடும்போது உயிர் காக்கும். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்தால் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் பிடித்துக் கொடுத்துவிடும்.

உண்மையான வேலை எக்செல் அட்டவணையில்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. அதில் 'மருந்துச் செறிவு' என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார் பேராசிரியர். அதை நிரப்ப ஆரம்பித்ததும் கதையே மாறியது. செல் வளர்ப்பு ஆய்வுகள் பலவற்றில் 5, 10 மில்லிமோலார் மருந்தை ஊற்றியிருந்தார்கள். வழக்கமான மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தில் இருப்பதோ சில பத்து மைக்ரோமோலார்தான் (ஆயிரம் மைக்ரோமோலார் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமோலார்). நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! கட்டுரைகளின் முகப்பில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அப்புறம் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள். மருந்து எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று 2005இல் வந்த பிரிட்டிஷ் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பேச்சே சூடுபிடித்தது. ஆனால் ஒருவர் 'மருந்து எடுத்தவர்' பட்டியலில் சேர, மருந்துச் சீட்டு வாங்கும் நாள்வரை அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தையும் மருந்தின் கணக்கில் சேர்த்துவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

2022இல் வெளியான எம்ஏ.32 சோதனையில், நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு 850 மில்லிகிராம் மெட்ஃபார்மினும் மறு பிரிவுக்கு டம்மி மாத்திரையும் தினம் இருவேளை என 5 ஆண்டுகளுக்குத் திட்டமிட்டுக் கொடுத்தார்கள். முதன்மையாகப் பார்த்த, ஹார்மோன் ஏற்பி உள்ள (ஹார்மோனால் தூண்டப்படும்) கட்டி வகையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "ஹெர்2 புரதம் மிகுந்த கட்டி வகையில் பலன் தெரிந்ததே?" என்று மடக்கினார்கள். அது கூடுதல் அலசலில் வந்த முடிவு, இன்னொரு சோதனை நடத்த அது ஒரு காரணம், அவ்வளவுதான் என்றேன். சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.