டுகாகிஸும் தூக்குமேடைக் கேள்வியும்

மைக்கல் டுகாகிஸ் என்றால், 1988ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜோர்ஜ் புஷ்ஷிடம் தோற்றவர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. எனக்கு அந்தத் தோல்வியைவிட, மரண தண்டனை கூடாது என்ற நிலைப்பாட்டை மசாசுசெட்ஸ் ஆளுநராகவும் வேட்பாளராகவும் அவர் கைவிடாமல் இருந்ததே முக்கியமாகப் படுகிறது.

கிரேக்கக் குடியேறிகளின் மகனான டுகாகிஸ் 1975இல் ஆளுநரானார். பொதுமக்களோடு டிராமில் ஏறி அலுவலகம் போவது அவர் வழக்கம். (அமைச்சர்மாரின் வாகனத் தொடரணிக்காகக் காலி வீதியில் காத்துக்கிடந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.) சாக்கோ, வன்செட்டி என்ற இரு இத்தாலியக் குடியேறிகள் கொலைக் குற்றத்தின் பேரில் அதே மாநிலத்தில் 1927இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டிருந்தார்கள். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1977 ஓகஸ்ட் 23ஐ அவர்களது நினைவு நாளாகப் பிரகடனம் செய்த டுகாகிஸ், அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போகாமல், அந்நியர்மீதான வெறுப்பு அந்த வழக்கைப் பீடித்திருந்தது என்றும் அவர்களுடைய பெயரில் ஒட்டிய களங்கம் நீங்க வேண்டும் என்றும் அறிவித்தார். அதே ஓகஸ்டில் இலங்கையில் இனக்கலவரத்துக்குத் தப்பிய கொழும்புத் தமிழர்கள் அகதி முகாம்களில் ஒதுங்கியிருந்தார்கள் என்பதால், அந்தத் திகதியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

1978இல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தெரிவிலேயே, மரண தண்டனையை ஆதரித்த எட்வர்ட் கிங்கிடம் அவர் தோற்றார். வரி கூட்டமாட்டேன் என்று உறுதி கூறிவிட்டுக் கூட்டியது அந்தத் தோல்விக்குப் பெரிய காரணம். 1982இல் அதே கிங்கை வென்று திரும்பினார்.

1988 ஒக்டோபர் விவாதத்தில் பேர்னாட் ஷோ என்ற செய்தியாளர், உங்கள் மனைவி வன்புணர்ந்து கொல்லப்பட்டால் கொலையாளிக்கு மரண தண்டனையை ஆதரிப்பீர்களா என்று கேட்டார். டுகாகிஸ் சற்றும் தடுமாறாமல் மறுத்தார். அந்தத் தண்டனை குற்றத்தைத் தடுப்பதில்லை என்றார். பிறகு போதைப்பொருள் ஒழிப்புக்குத் தாவிவிட்டார். கருத்தில் பிழையில்லை, ஆனால் வரவுசெலவு அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. ஆயுள் கைதிகளுக்கு விடுமுறை கொடுக்கும் திட்டத்தில் நான் அவர் பக்கம் நிற்கமாட்டேன். அதை அவர் தொடங்கவில்லை என்றாலும், கொலைக் கைதிகளை அதிலிருந்து விலக்கும் சட்டமூலத்தை 1976இல் மறுத்தவர் அவரே. அப்படி வெளியே போய்த் திரும்பாத ஒரு கைதி செய்த கொடுமையைப் புஷ் தரப்பு பிரசாரத்தில் விடாமல் பயன்படுத்தியது.

1991இல் பதவிக்காலம் முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனார்.

இலங்கையின் வெலிக்கடைச் சிறையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் 2019இல் அரசாங்கம் அலுகோசு (தூக்கிலிடுபவர்) பதவிக்கு விளம்பரம் செய்தபோது, “உன்ர பிள்ளைக்கு நடந்தா இப்பிடிக் கதைப்பியோ?” என்று என் பெரியம்மாவும் ஷோவின் கேள்வியைத்தான் கேட்டார். எனக்கு வந்தால் என் கையாலேயே கொல்லத் தோன்றும் பெரியம்மா, அதனால்தான் தீர்ப்பை என்னிடம் விடக்கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் தூக்கிலிடுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.