மண்ணீரல் இல்லாம பொறந்த எங்க பாப்பா - ஆர்பிஎஸ்ஏ ஜீன் டெஸ்ட் வரைக்கும் போன அனுபவம்

பாப்பாவுக்கு அப்போ 14 மாசம். சாயங்காலம் லேசா காய்ச்சல் அடிச்சுது, பாராசிட்டமால் குடுத்து தூங்க வெச்சுட்டோம். ராத்திரி மூணு மணிக்கு தொட்டுப் பாத்தா உடம்பு கொதிக்குது, கை காலு மட்டும் ஐஸ் மாதிரி, தொடையில ஊதா கலர்ல புள்ளி புள்ளியா வந்திருக்கு. கரூர்ல பக்கத்து ஆஸ்பத்திரியில ஆன்டிபயாடிக் முதல் ஊசிய போட்டு கோயம்புத்தூருக்கு அனுப்பினாங்க, அங்க 11 நாள் ஐசியூ. ரத்தத்துல நிமோகாக்கஸ் கிருமின்னு கல்ச்சர்ல வந்துச்சு. அந்த முதல் ஊசிய யோசிக்காம போட்ட டாக்டர நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

தடுப்பூசி ஒண்ணு விடாம போட்ட குழந்தைக்கு ஏன் ஒரே ராத்திரியில இவ்ளோ வேகமா ஆச்சுன்னு அங்க இருந்த குழந்தைகள் டாக்டருக்கு மனசு ஒப்பல. ரத்தத்த ஸ்லைடுல தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொன்னாரு. சிவப்பணுக்குள்ள சின்னச் சின்ன கருநீலப் பொட்டு இருந்துச்சாம், ஹோவெல் ஜாலி பாடீஸ்னு பேரு. சிவப்பணு வளரும்போது மிச்சமாகிற கரு துணுக்கு அது, மண்ணீரல் இருந்தா வடிகட்டி எடுத்துரும், இங்க அப்படியே நிக்குதுன்னா மண்ணீரல் வேலை செய்யலன்னு அர்த்தம். உடனே ஸ்கேன் பண்ணாங்க. இடது விலா எலும்புக்கு அடியில மண்ணீரலே இல்ல. ரத்தத்துல வர்ற இந்த மாதிரி கிருமிய வடிகட்டி அழிக்கிறதும் அந்த உறுப்புதானாம், அது இல்லாததாலதான் இவ்ளோ வேகம்.

இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. பாப்பாவுக்கு எட்டு மாசம் இருக்கும்போது வாந்தின்னு ஒரு ஸ்கேன் சென்டர்ல வயித்து ஸ்கேன் எடுத்தோம், அதுல "மண்ணீரல் நார்மல் சைஸ்"னு டைப் பண்ணி குடுத்திருந்தாங்க. இல்லாத உறுப்ப நார்மல்னு எழுதியிருக்காங்க. அன்னிக்கு சரியா பாத்திருந்தா அந்த 11 நாளே வந்திருக்காது. குழந்தைக்கு ஸ்கேன் எடுக்குறவங்க மண்ணீரல் கண்ணுக்குத் தெரிஞ்சுதான்னு ஒரு தடவ வாய்விட்டுக் கேளுங்க, தப்பில்ல.

மண்ணீரல் இல்லாத குழந்தைங்க நிறைய பேருக்கு இதயத்துலயும் கோளாறு இருக்குமாம், அதனால எக்கோ எடுத்தாங்க, நார்மல். அப்போ இது தனியா மண்ணீரல் மட்டும் இல்லாம பொறக்குற வகை, வீட்ல எல்லாருக்கும் ஸ்கேன் பண்ணணும்னு சொன்னாங்க. எனக்கு இருக்கு, பெரிய பையனுக்கு இருக்கு. வீட்டுக்காரருக்கு எடுக்கும்போது டாக்டர் ஜெல்ல திரும்பத் திரும்ப தடவி பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அவருக்கும் இல்ல! 36 வருஷமா தெரியாமலே இருந்திருக்காரு.

அடுத்து ஜெனிடிக்ஸ் டாக்டர். 2013ல சயன்ஸ் பத்திரிகையில இத பத்தி ஒரு ஆராய்ச்சி வந்துச்சாம், எட்டு குடும்பத்துல 18 பேருக்கு ஆர்பிஎஸ்ஏங்கற ஜீன்ல மாற்றம் இருந்ததா. இது மூணாவது குரோமோசோம்ல இருக்கு, ரைபோசோம்னு செல்லுக்குள்ள புரோட்டீன் செய்யற மெஷின் இருக்குல்ல, அதோட ஒரு பார்ட்ட இந்த ஜீன்தான் செய்யுது. ரெண்டு காப்பியில ஒண்ணு கெட்டா அளவு பத்தாம போகுது. எல்லா செல்லுக்கும் வேண்டிய பார்ட், ஆனா குறைஞ்சா மண்ணீரல் மட்டும் உருவாகாம போயிடுது. அதே புரோட்டீன் செல்லுக்கு வெளியவும் உக்காந்து லேமினின்ங்கற பொருள பிடிச்சுக்குமாம், லேமினின் ரிசெப்டார்னு இன்னொரு பேரு. நிமோகாக்கஸ் மாதிரி மூளைக்காய்ச்சல் கிருமிங்க மூளை ரத்தக்குழாய்ல ஒட்டறதுக்கு அதைத்தான் பிடிச்சுக்குதுன்னும் டாக்டர் சொன்னாரு. ஊருக்குத் திரும்புற பஸ் முழுக்க எனக்கு அதே நினைப்பு.

ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் எடுத்து எக்ஸோம் டெஸ்டுக்கு (ஜீன்கள்ல புரோட்டீனா மாறற பகுதிகள படிக்கற டெஸ்ட்) அனுப்பினோம், ஆறு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, ஒண்ணும் இல்லன்னு. நான் அழுதுட்டேன். டாக்டர் விடல. 2018ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில, இந்த ஜீன்ல புரோட்டீனா மாறாத முன்பகுதியில மாற்றம் இருந்தாலும் இந்தப் பிரச்சனை வருதுன்னு இருக்கு, எக்ஸோம்ல அந்த இடம் சரியா விழாம போகலாம்னு சொல்லி, அந்த இடத்த மட்டும் தனியா சாங்கர் முறையில (டிஎன்ஏவுல ஒரு சின்ன பகுதிய மட்டும் எடுத்து எழுத்தெழுத்தா படிக்கறது) படிக்கச் சொன்னாரு. அதுக்கும் லேப்ல நாளாச்சு, ஏன்னா இந்த ஜீனோட வேலை செய்யாத செத்த நகல்கள் நம்ம டிஎன்ஏவுல ஐம்பதுக்கும் மேல சிதறிக் கிடக்காம், ஏமாறாம அசல படிக்கணும்னா நகல்ல இல்லாத பகுதிய வெச்சு பிரைமர் (படிக்க வேண்டிய இடத்த பிடிச்சுக்குற சின்ன டிஎன்ஏ துண்டு) போடணுமாம். ரெண்டாவது ரிப்போர்ட்ல மாற்றம் தெரிஞ்சுது, பாப்பாவுக்கும் அவருக்கும் ஒரே இடத்துல. பையனுக்கு இல்ல.

இதுக்கப்புறம் அத்தை, அதாவது மாமியார், ஒரு நாள் என்கிட்ட வந்து உக்காந்தாங்க. இவருக்கு முன்னாடி ஒரு பையன் இருந்து 1984ல ஒன்றரை வயசுல ஒரே ராத்திரி காய்ச்சல்ல போயிட்டான்னு எனக்குத் தெரியும், ஆனா அன்னிக்கு அவங்க குளத்துத் தண்ணியில குளிப்பாட்டினதாலதான்னு வீட்ல எல்லாரும் பேசினது தெரியாது. நாப்பது வருஷம் அத சுமந்திருக்காங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், மாற்றம் அவங்ககிட்டதான் இருக்கு, ஆனா மண்ணீரல் நல்லா இருக்கு. மாற்றம் இருந்தும் சிலருக்கு மண்ணீரல் உருவாகுதுன்னு அந்த 2018 ஆராய்ச்சியிலயே இருக்காம். அந்தப் பையனுக்கு மண்ணீரல் இருந்துச்சான்னு இனிமே யாராலயும் பாக்க முடியாது, ஆனா குளத்துத் தண்ணிய மறந்துடுங்கம்மான்னு டாக்டர் அவங்க கைய பிடிச்சு சொன்னாரு.

இப்போ பாப்பாவுக்கு தினமும் ரெண்டு வேளை பென்சிலின். நிமோகாக்கஸ் கூடுதல் ஊசி, வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, மெனிஞ்சோகாக்கஸ் ஊசி, இதுல மெனிஞ்சோகாக்கஸ் அரசு அட்டவணையில இல்ல, காசு குடுத்துதான் போட்டோம். அவருக்கும் ஊசி எல்லாம் போட்டாச்சு, பர்ஸ்ல "மண்ணீரல் இல்லை"ன்னு கார்டு வெச்சிருக்காரு. நாய் கடிச்சா, கீறினாகூட அன்னிக்கே காட்டணும். காய்ச்சல்னா காலைல பாக்கலாம்ங்கற பேச்சே கிடையாது, பைல ரிப்போர்ட் காப்பியும் டாக்டர் எழுதிக் குடுத்த லெட்டரும் எப்பவும் ரெடியா இருக்கு. போன வாரம்கூட ராத்திரி பாப்பாவுக்கு 100 காட்டுச்சு, நான் தெர்மாமீட்டர கழுவி வெக்கறதுக்குள்ள அத்தை பைய தோள்ல மாட்டி செருப்பப் போட்டுட்டு வாசல்ல நிக்கறாங்க.