ஃபியட்டும் ஈரத்துணியும்

எங்கள் வீட்டில் அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1985 மாடல். மும்பையில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கிய வண்டி, 1974-இல் பத்மினி ஆனது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் மாற்றத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பெரியப்பா கடைசி வரை "ஃபியட்டை வெளியே எடு" என்றுதான் சொல்வார். அவர் காலமான பிறகு நான்கு ஆண்டுகள் கரூர் வீட்டுக் கொட்டகையில் கோழிகளுக்கு நிழல் தந்துகொண்டிருந்த வண்டியை, சென்ற ஐப்பசியில் நான் வாங்கிக்கொண்டேன். 1089 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத்திறன், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். மெக்கானிக் வேலை எனக்குத் தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

முதல் மூன்று மாத வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டி எதுவானாலும் இதே கதைதான். பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்கள் அத்தனையும் இறுகிப்போயிருந்தன. பெட்ரோல் டேங்கின் அடியில் இரண்டு கைப்பிடி துரு. கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பிசுபிசுத்துவிட்டன. இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி மாற்றினேன். ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கியபோது தரை தெரிந்தது. வண்டியின் தரை அல்ல, கொட்டகையின் தரை. டிங்கர் வந்து தகடு வைத்துப் பற்றவைத்தார்.

அந்த நாட்களில்தான் சென்னை போயிருந்தபோது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு புது இக்னிஷன் காயிலும் வாங்கி வந்தேன். பேட்டரியின் வோல்ட்டை, பிளக்கில் பொறி பறக்கும் அளவுக்கு உயர்த்தும் சுருள் அது. பழையது வண்டியோடு வந்தது, நாற்பது வயது, காலையில் வண்டி எழுந்திருக்கவும் அடம்பிடித்தது. கடைக்காரர் "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். "பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கு" என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை என்பது எனக்குச் சித்திரையில்தான் புரிந்தது. (காலையில் அடம்பிடித்ததற்குக் காரணம் பேட்டரி. அதையும் அதே வாரம் மாற்றியதால் காயிலுக்கு நற்பெயர் கிடைத்துவிட்டது.)

மாசி மாதம் முதல் நீண்ட ஓட்டம், கரூரிலிருந்து திண்டுக்கல். அரவக்குறிச்சி தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை விக்கியது, பிறகு நின்றது. பகல் பன்னிரண்டு மணி. லாரி பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பானட்டைத் திறக்கும் முன்பே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்: "தம்பி, வேப்பர் லாக். ஃபியட்டுக்கு வெயில் ஆகாது. பம்ப் மேலே ஈரத்துணி போடுங்கள்."

அவர் சொன்னது கட்டுக்கதை அல்ல. இந்த வண்டியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சேர்த்துத் திருகப்பட்டது. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவு, கூடவே எஞ்சின் சூடு. பெட்ரோல் அங்கேயே ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்ப்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. பம்ப்பில் ஈரத்துணி போட்டுக் குளிரவைப்பது பழைய டிரைவர்கள் எல்லோரும் அறிந்த கை வைத்தியம். துண்டை நனைத்துப் போட்டேன், டீ குடித்தேன், இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பியது. பெரியவர் வெற்றிப் பார்வை பார்த்தார்.

வேடசந்தூரில் மறுபடியும் நின்றது. மறுபடியும் துண்டு, மறுபடியும் டீ.

அடுத்த ஒன்றரை மாதம் நான் செய்ததெல்லாம் வேப்பர் லாக்குக்கு எதிரான போர். பெட்ரோல் குழாயைப் புகைக்குழல் பக்கத்திலிருந்து விலக்கி வேறு வழியில் கொண்டுபோனேன். வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் டேங்க் பக்கத்திலேயே ஒரு மின்சார பம்ப் வைத்தேன். முதலில் வாங்கியது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது. அந்த அழுத்தத்துக்குக் கார்பரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஊசி, நீடில், நிற்காது, பெட்ரோல் பொங்கி வழிந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த அழுத்தப் பம்ப் வாங்கிப் பூட்டினேன். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் குழாயில் ஆவி கட்ட இடமே இல்லை.

சித்திரையில் மீண்டும் திண்டுக்கல் சாலை. வேடசந்தூருக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது.

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம் அல்ல, சந்தேகம். மின்சார பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, பிறகு எங்கிருந்து ஆவி? இம்முறை துண்டை எடுக்கவில்லை. கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, காலித் தண்ணீர் பாட்டிலில் விட்டு, சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. குழாயைத் திரும்ப மாட்டி, சிந்தியதைத் துடைத்து, வாடை போகும்வரை தள்ளி நின்றேன். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் மேல் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மனைவிதான் அடித்தாள், முகத்தில் ஒன்றரை மாதச் சலிப்பு. நீலமாகச் சடசடவென்று வரவேண்டிய பொறி, மஞ்சளாக, நூல்போல, இருந்தும் இல்லாமலும் வந்தது.

காயிலைத் தொட்டேன். விரல் கொப்புளித்தது. ஓடும் வண்டியில் காயில் சூடாவது வழக்கம்தான், ஆனாலும் கையால் பிடிக்க முடிய வேண்டும். துண்டை நனைத்துக் காயில் மேல் சுற்றினேன். ஆறாவது நிமிடம் வண்டி கிளம்பியது. மாசியிலேயே அந்தத் துண்டை அரையடி தள்ளிப் போட்டிருந்தால் ஒரு பம்ப்பின் விலை மிச்சம். அன்றெல்லாம் வண்டியைக் கிளப்பியது துண்டு அல்ல, நான் டீ குடித்த இருபது நிமிடம். அதற்குள் காயில் தானாக ஆறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தேன். புதுக் காயிலின் முதன்மைச் சுற்று 1.5 ஓம். பழைய சாமான் டப்பாவிலிருந்து பெரியப்பா காலத்துக் காயிலைத் தேடி எடுத்து அளந்தேன்: 3.1 ஓம். கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பன்னிரண்டு வோல்ட்டில் பழையது நான்கு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், புதியது எட்டு. 1.5 ஓம் காயில்கள், வெளியே தனியாக ஒரு பாலாஸ்ட் மின்தடை வைத்த வண்டிகளுக்கானவை. அந்த மின்தடை பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். என் வண்டியில் அது கிடையாது. அதனால்தான் காயில் கொதித்து, பொறி சோர்ந்துபோனது. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், மார்கழியில் போட்ட புதுப் பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை, இரண்டு முகமும் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தது. எட்டு ஆம்பியரை அது எத்தனை நாள் சுமக்கும்?

பழைய காயிலைத் திரும்பப் பூட்டினேன். பாயிண்ட்டும் கண்டென்சரும் புதிது. பாயிண்ட் இடைவெளி 0.45 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்து இரண்டு முறை பார்த்தேன். மின்சார பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பழைய பம்ப்பையே இணைத்தேன். கழற்றியிருக்க வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு வண்டி பெரியப்பா ஓட்டியபடி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசியில் மூன்று முறை திண்டுக்கல் போய்வந்தாயிற்று, ஒருமுறை உச்சி வெயிலில். நிற்கவில்லை. கரூர் பேருந்து நிலையம் அருகே நெரிசலில் ஊர்ந்தபோது மட்டும் ஒரு நாள் லேசாக விக்கியது. அது அசல் வேப்பர் லாக்காகவே இருக்கலாம். தெரு காலியாகிக் காற்றுப் பட்டதும் தானே சரியானது.

இப்போது மிச்சம் இருப்பது கியர். தண்டிலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்புக் கம்பிகளின் புஷ்கள் (மூட்டு வளையங்கள்) தேய்ந்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது நெம்புகோல் நடுவில் சிக்கிக்கொள்கிறது. பானட்டைத் திறந்து கையால் தள்ளிவிட்டால்தான் விடும். சிக்னலில் இறங்கி இதைச் செய்யும்போது பின்னால் வருபவர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. சென்னை புதுப்பேட்டையில் ஒருவர் பழைய வண்டியிலிருந்து கழற்றிய முழு இணைப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை வண்டியின் மாடல், ஆண்டு, எஞ்சின் எண், பழைய புஷ்ஷின் அளவு எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.