ரக்தாக்ஷி வருஷம், விலை அரையணா

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் கிடக்கும் பழைய சரக்கை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப் போகிறோம் என்று சொன்னதும் வாசகர் வட்டத்துப் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, சரித்திர நாவலெல்லாம்தான் ஏற்கெனவே நெட்டுல கிடக்குதே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மதுரைத் திட்டம் 1998லிருந்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்து போட்டுக்கொண்டிருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, ஆர்க்கைவ் தளத்தில் தேடினால் கிடைக்காத பழைய நூல் குறைவு. அதையே நாங்களும் ஒருமுறை ஸ்கேன் செய்தால் மின்சாரம்தான் செலவு.

எங்கள் நூலகத்தில் மட்டும் இருப்பது வேறு. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், கூட்டுறவு சங்கத்தின் ஆண்டறிக்கை, நாடக நோட்டீஸ், யாரோ நன்கொடையாகக் கொடுத்த சாக்குமூட்டையில் வந்த குஜிலிப் புத்தகங்கள், அதாவது அந்தக் காலத்தில் தெருவில் மலிவு விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். நூல்களை வரிசை எண் போட்டுப் பதியும் அக்செஷன் ரெஜிஸ்டரில் இவற்றில் பாதிக்கு எண்ணே இல்லை. எண் இல்லாததால் கணக்கில் இல்லை, கணக்கில் இல்லாததால் அடுத்த கழிவு நீக்கத்தில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள். இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நூலகர் அக்காவும் அதே கட்சி, அதனால் பிழைத்தேன்.

முன்பு ஒருமுறை இதே சரக்கில் ஒரு பகுதியை வெளியிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் வந்து ஸ்கேன் செய்துகொண்டு போனது. பெயரெல்லாம் வேண்டாம். கையில் கிடைத்தது ஒரு ஹார்ட் டிஸ்க், அதற்குள் ஒன்று முதல் வரிசையாக எண் மட்டும் போட்ட ஆயிரக்கணக்கான படங்கள், கூடவே ஒரு எக்செல் தாள். மலர்களில் விளம்பரப் பக்கங்களை எல்லாம் விட்டுவிட்டார்கள், "கன்டென்ட் இல்லை" என்று காரணம் சொன்னார்களாம். அட, மலரில் படிக்க வேண்டியதே அதுதானே! வாழ்த்துரை எல்லா மலரிலும் ஒரே வாழ்த்துரைதான். எந்தத் தெருவில் எந்த மண்டி இருந்தது, டூரிங் டாக்கீஸ் யார் நடத்தினார், சோடா கம்பெனி எத்தனை இருந்தது என்பதெல்லாம் அந்தக் கால்பக்க விளம்பரங்களில்தான் இருக்கிறது.

அந்த எக்செல் தாளில்தான் எங்கள் வெள்ளச்சிந்து, அதாவது வெள்ளத்தைப் பற்றிய ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகம், மாட்டியது. 16 பக்கம், பழுப்பேறி ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலை, ராமபாணப் பூச்சி அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே துளையாகப் போட்டிருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. அட்டையில் "ரக்தாக்ஷி வருஷம் ஆடி மாதம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. தாளில் ஆண்டு என்ற கட்டத்தில் 1984 என்று இருந்தது. தப்பென்று சொல்லிவிட முடியாது, 1984ம் ரக்தாக்ஷிதான். தமிழ் வருஷம் 60க்கு ஒருமுறை சுற்றிவரும், இன்டர்நெட்டில் தேடியவருக்குக் கிட்டத்து ரக்தாக்ஷி கிடைத்திருக்கிறது, போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எழுத்தைப் பார்த்தால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்பு போட்ட பழைய "லை", "னை" எல்லாம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, 1978ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் பழைய ஈய அச்சை வைத்து ஓட்டிய அச்சகங்கள் இருந்தன. சந்தேகத்தைத் தீர்த்தது பின்னட்டை: விலை அரையணா. 1957ல் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்துவிட்டது, 1984ல் அரையணாவுக்குப் புத்தகம் யார் விற்பது? ஆக இது 1924. அந்த வருஷம் ஜூலையில்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளம், கேரளத்தில் இன்றும் 99ன் வெள்ளம் என்று மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1099ஐச் சொல்லிப் பேசுகிறார்களே, அதே மழை. ஆடி மாதமும் சரியாகப் பொருந்துகிறது. கொள்ளிடக் கரை ஊரில் கிடைத்த, வெள்ளம் வடியும் முன்பே அச்சடித்து விற்ற பாட்டுப் புத்தகம், ஒரு கட்டத்தில் தப்பான எண் விழுந்ததால் 60 வருஷம் தள்ளிப் போய்க் கிடந்தது. 1924 வெள்ளத்தைத் தேடும் ஆராய்ச்சி மாணவருக்கு அது கிடைத்திருக்கவே கிடைக்காது.

ஸ்கேன் செய்வது இதில் சின்ன வேலை. உண்மையாகத்தான் சொல்கிறேன். போனை மாட்ட ஒரு ஸ்டாண்டு, இரண்டு பக்கமும் மேசை விளக்கு, பக்கத்தை அமுக்கப் படம் மாட்டும் கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடி, மெல்லிய தாளென்றால் மறுபக்க எழுத்து தெரியாமல் இருக்க அடியில் கறுப்பு சார்ட் பேப்பர். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மலரை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருளில் போட்டால் புது எழுத்தில் உள்ளது ஓரளவு வந்துவிடும், தும்பிக்கை எழுத்தைக் கண்டால் தடுமாறும், கையால் திருத்த வேண்டும். ஆனால் இது என்ன, எந்த ஊர், எந்த வருஷம், யார் அச்சடித்தது என்று ஒரு வரி எழுதத்தான் அரை நாள் ஆகிறது. அதை எழுத ஊர்க்காரர் வேண்டும். பெரியவரை இப்போது அந்த வேலைக்குத்தான் உட்கார வைத்திருக்கிறோம், மலர் விளம்பரங்களைப் பார்த்து "இது நம்ம செட்டியார் கடை, இப்ப செல்போன் கடை இருக்குல்ல, அங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அக்கா எழுதிக்கொண்டே இருக்கிறார்.

இப்படித் துண்டுத்தாளை மதித்தவர்கள் நமக்கு முன்பே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்தார், அவர் 1992ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. 1981ல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் அதில் அடக்கம். ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்ற 2005ல் தொடங்கிய நூலகம் திட்டத்துக்குள் போய்ப் பாருங்கள், பள்ளி மலர், கோயில் மலர், செத்தவீட்டு நினைவு மலர்கூட இருக்கிறது. நினைவு மலரில் ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை இருக்கும் என்று நெருப்புக்குப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் தெரிகிறது.

காப்புரிமை பற்றிக் கேட்பார்கள். எழுதியவர் இறந்து 60 வருஷம், எழுதியவர் பெயர் தெரியாவிட்டால் வெளியாகி 60 வருஷம் என்பது நம் நாட்டுக் கணக்கு, வெள்ளச்சிந்துக்கு எப்படிக் கூட்டிக் கழித்தாலும் உரிமை முடிந்துவிட்டது. மலர்களில்தான் சிக்கல், ஒரே மலரில் 30 பேர் எழுதியிருப்பார்கள், பாதிப்பேர் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் புதிய மலர்களை ஸ்கேன் மட்டும் செய்து வைத்துக்கொண்டு, பட்டியலை மட்டும் வெளியே போடுகிறோம். கேட்டு வருபவர் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளச்சிந்தின் பட்டியல் வரியில் இப்போது 1924 என்று திருத்தி, "7 முதல் 10 வரை பக்கங்கள் இல்லை" என்றும் சேர்த்தாயிற்று. தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று எங்கேயோ போய்விட்டது. 6ஆம் பக்கத்தில் தண்ணீர் ஊருக்குள் நுழைகிறது, 11ஆம் பக்கத்தில் கஞ்சித்தொட்டி திறந்துவிடுகிறார்கள். நடுவில் நடந்தது தெரியவில்லை. கொள்ளிடக் கரைப்பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இன்னொரு பிரதி கிடந்தால் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம், போனில் நாலு படம் எடுத்து அனுப்பினால் போதும், அட்டையும் இருந்தால் அதையும் சேர்த்து.