சிலோன் தாளை எந்தப் பிரிவில் போடுவது? ஹட்டனிலிருந்து ஓர் அனுபவம்

மாமா சேர்த்து வைத்திருந்த பழைய நாணயத்தாள்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வாங்கும் ஓர் ஆன்லைன் சந்தையில் போட்டு விற்றுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என்ன விலை வரும் என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். விலைக்கு முன்னால் தளம் இன்னொன்று கேட்கிறது: இது எந்தப் பிரிவு? அதற்குச் சரியாகப் பதில் சொல்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஹட்டன், பதுளைப் பக்கம் இப்படி டின்னிலும் டிரங்குப் பெட்டியிலும் தாள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நான் செய்ததை எழுதுகிறேன்.

ஈபே போன்ற தளங்களில் அமெரிக்கத் தாளுக்குத் தனி இடம், மற்ற உலகம் முழுவதற்கும் சேர்த்து இன்னொரு இடம். அந்த உலகத்துக்குள் கண்டம், கண்டத்துக்குள் நாடு. நாடு என்றால் இன்றைய வரைபடத்தில் இருக்கிற நாடு, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தாளை அச்சடித்து விட்டது அன்றைக்கு இருந்த அரசாங்கம், அந்த அரசாங்கமே இன்றைக்கு இருக்காது, அல்லது வேறு பெயரில் இருக்கும்.

நம்முடைய தாள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி 1950இல்தான் வந்தது. அதற்கு முந்திய தாளில் வெளியிட்டவர் சிலோன் அரசாங்கம். 1951ஆம் ஆண்டுத் தாளில் ஆறாம் ஜோர்ஜ் படம், கீழே நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவும் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நாடு 1972 மே 22இல் ஸ்ரீலங்கா ஆனது, ஆனால் வங்கியின் ஆங்கிலப் பெயரில் சிலோன் 1985 வரை அப்படியே இருந்தது. ஆகவே 1979இல் வந்த பறவை, பல்லி, பூ போட்ட அந்த அழகான தொடர் (லக்கி சேனாநாயக்க வரைந்தது, பின்பக்கத்தைப் பார்க்கத் தாளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்) ஸ்ரீலங்கா காலத்தது, அச்சில் சிலோன். பிரிவு இலங்கை என்று போட்டேன், தலைப்பில் சிலோன், ஸ்ரீலங்கா இரண்டையும் எழுதினேன். ராஜா ராணி படம் போட்ட காலத்துத் தாள் தேடுகிறவர் சிலோன் என்றுதான் தட்டுவார், பிரிவு பிரிவாக இறங்கி வருகிறவர் இன்றைய பெயரில் தேடுவார், இரண்டு பேரும் நமக்கு வேண்டும்.

டின்னில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு துண்டுத் தாள். யுத்தகாலச் சில்லறைத் தட்டுப்பாட்டில் 1942இல் 5 சதத் தாள் ஒன்றை விட்டார்கள், நடுவே துளை வரிசை, கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். மாமாவிடம் இருப்பது 3 சதப் பாதி மட்டும். தளத்தில் முகப்பெறுமதி தெரிவு செய்யும் இடத்தில் 3 சதம் என்று ஒன்று கிடையாது, நாமே தட்டச்சுச் செய்யலாம் என்பது தெரிந்த பிறகு அப்படியே செய்து, முழுத் தாள் 5 சதம் என்பதை விளக்கத்தில் எழுதினேன். பாதியை முழுசு என்று போட்டால் தாள் திரும்பி வரும், ஹட்டனுக்கு வந்துசேரும் தபால் செலவும் நம் கணக்கில்தான்.

இலங்கைக்கு வெளியே போனதும்தான் வேலை சுவாரசியமானது. மலையகத்து வீட்டு டின் என்றால் சும்மாவா, ஆட்கள் போன இடமெல்லாம் உள்ளே இருக்கும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிப் பக்கம் போன பெரியம்மா குடும்பம் கொடுத்த இந்திய ஒரு ரூபாய்த் தாள் இருந்தது. மற்ற இந்தியத் தாள்களை ரிசர்வ் வங்கி வெளியிடும், ஒரு ரூபாய் மட்டும் இந்திய அரசின் தாள், கையெழுத்து நிதிச் செயலாளருடையது. பிரிவு இந்தியாதான், வெளியிட்டவர் என்ற இடத்தில் வங்கி பெயரை எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் தாத்தாவின் தம்பி மலாயாவிலிருந்து கொண்டுவந்த 10 டொலர், வாழைமரப் படம். அச்சில் இருப்பது ஜப்பான் அரசாங்கம் என்ற பெயர், புழங்கியது மலாயாவில், இன்றைக்கு அந்த நாடு மலேசியா. மூன்றில் எது? ஜப்பானியர் பிடித்த இடங்களுக்கு அடித்த தாளில் ஓர் எழுத்துக் குறி இருக்கும், மலாயாவுக்கு எம், பர்மாவுக்கு பி. சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், ஆகவே நானும் புழங்கிய நாட்டின் பக்கமே போய் மலேசியாவில் போட்டேன், ஜப்பான் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தேன்.

சித்தி கொண்டுவந்த குவைத் தாளை ஆசியாவுக்குள் தேடினால் கிடைக்காது. மத்திய கிழக்கு தனிப் பிரிவு. சித்தி வீட்டு வேலைக்குப் போனது 1990க்கு முன்னால், அந்த வருஷம் ஈராக் படை நுழைந்து மத்திய வங்கியிலிருந்த தாள்களையும் அள்ளிக்கொண்டு போனதால், குவைத் அந்தத் தொடரையே செல்லாததாக்கி 1991இல் புதிய தொடர் விட்டது. அள்ளிப்போன தாள்களின் தொடரிலக்கங்களைச் சேகரிப்பாளர் பட்டியல்கள் தனியாகவே குறிக்கின்றன, அதனால் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படம் போடுங்கள். "நான் கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச காசைக் களவுக் காசுன்னு சொல்றியா?" என்று சித்தி கோபித்துக்கொண்டார். அவருடையது சம்பளத்தில் வந்த சாதாரண இலக்கம்தான்.

நாடு முடிந்ததும் தரம். தாள்களுக்குத் தரம் போடும் பி.எம்.ஜி. போன்ற நிறுவனம் பார்த்து உறையில் அடைத்து 70க்கு இத்தனை என்று எண் கொடுத்திருந்தால்தான் சான்றளிக்கப்பட்டது என்று போடலாம். நம்முடையது எல்லாம் சான்றில்லாதது. அதற்கு நானாக எண் போடாமல், மடிப்பு எங்கே, ஊசித் துளை எங்கே, நுவரெலியா ஈரத்தில் பிடித்த பழுப்புப் புள்ளி எங்கே என்று சொல்லி இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போட்டேன். நாட்டுப் பிரிவைவிட வாங்குகிறவர் நம்புவது இதைத்தான் என்பது என் எண்ணம். கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், அது அவர்களுக்குத் தெரிந்துவிடும், விலையும் இறங்கிவிடும். மாமா 1998 சுதந்திரப் பொன்விழா 200 ரூபாவைக் கொண்டுபோய் லேமினேட் செய்து வைத்திருந்தார். அதுவே பொலிமர் தாள், நாட்டின் முதல் பொலிமர் தாள், பிளாஸ்டிக்குக்கு மேல் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுத்த கடைக்காரருக்கும் சிரிப்பு வரவில்லையாம். அதை நான் போடவேயில்லை.

தனியாகப் போடுவதா, கட்டாகப் போடுவதா என்பதற்கு நான் வைத்த கணக்கு லேசானது. 1979 தொடரில் கசங்கிய சின்னத் தாள்கள், 80களின் மிச்சம் எல்லாம் ஒரே கட்டு, அதற்கென்று தொகுப்புகள் பிரிவு இருக்கிறது. 1951, 1942, குவைத், மலாயா எல்லாம் தனித்தனி. வெவ்வேறு நாட்டுத் தாள்களை ஒரே கட்டாகப் போட்டால் எந்த நாட்டுக்காரரும் வந்து பார்ப்பதில்லை.

காசு வாங்கும் வழியை முதலிலேயே பாருங்கள், நான் போட்ட காலத்தில் இலங்கையில் பேபாலில் பணம் அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. அனுப்பும்போது இரண்டு மட்டைக்கு நடுவே வைத்துப் பதிவுத் தபாலில் போட்டேன், என்ன அனுப்புகிறோம் என்பதைத் தபாலகத்தில் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். 3 சதப் பாதி இன்னும் போகவில்லை, விலையைக் குறைக்க மாமா சம்மதிக்கவில்லை.