தவணைக் கடையிடமிருந்து அம்மாவின் விவரங்களைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் உள்ள ஒரு கடையில் தவணைக்குச் சலவை இயந்திரம் வாங்கியபோது, அம்மா தம் அடையாள அட்டை நகலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்ததோடு, கடைக்காரர் கேட்டதால் சித்தி, மாமா இருவரின் எண்களையும் எழுதிக் கொடுத்தார். தவணை கட்டி முடிந்த பிறகு, கடன் வேண்டுமா, காப்புறுதி எடுக்கிறீர்களா என்று யார் யாரோ அழைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அம்மாவின் முழுப் பெயரும் வயதும் தெரிந்திருந்தன. அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் காட்டும்; கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அந்த நகல் கைமாறினால் என்னவெல்லாம் கைமாறுகிறது என்பதை ரப்பர் தோட்டத்தில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கடையில் நேரில் கேட்டபோது, பார்க்கிறோம் என்றார்கள், அழைப்புகள் நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. வணிக நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும். ஆகவே மலாய் மொழியில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். 30ஆம் பிரிவின்படி, அம்மாவைப் பற்றி என்னென்ன விவரங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். அவற்றை யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டோம். 38ஆம் பிரிவின்படி சம்மதத்தைத் திரும்பப் பெற்றோம். 43ஆம் பிரிவின்படி விளம்பரத்திற்கு அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னோம். அம்மாவே கையெழுத்திட, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

கேட்ட விவரங்களை 21 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். பதிலும் அதற்குள் வந்தது. அம்மா நிரப்பிய படிவத்தின் பின்பக்கத்திலேயே, விவரங்களைக் கூட்டு நிறுவனங்களுக்கு வழங்கலாம் என்ற வாசகம் பொடி எழுத்தில் இருந்தது. அந்த அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தந்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிப்பை நிறுத்திக்கொண்டு பால்மரம் வெட்டப் போன ஒருவர் அந்தப் பக்கத்தில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. படிவத்தை வாடிக்கையாளருக்குத் தெரிந்த மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடை நிறுத்திக்கொண்டாலும், விவரங்களை ஏற்கெனவே பெற்றுக்கொண்ட நிறுவனங்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. கடையின் பதிலில் அவற்றின் பெயர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதாமல், யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் கேட்பது அதனால்தான் முக்கியம். அதன் பிறகு அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இப்போது எங்கு நகல் கொடுத்தாலும், அதன் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, இன்ன காரியத்திற்கு மட்டும் என்று தேதியோடு எழுதியே கொடுக்கிறோம். சித்தி, மாமா இருவரின் எண்களும் இன்னும் கடையின் ஏட்டில் இருக்கின்றன. அவை அவர்களுடைய விவரங்கள் என்பதால் அம்மாவின் கடிதம் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் பெயரில் அனுப்ப வேண்டிய கடிதங்களை எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி.